ஹார்ட் ஆபரேஷன்ல செனான், ஹீலியம் கேஸ் குடுத்தா இதயம், மூளை, கிட்னி தப்பிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஹார்ட் ஆபரேஷன் தியேட்டர்ல ஹார்ட் லங் மெஷின் ஓட்டுறது, பெர்ஃப்யூஷனிஸ்ட்னு சொல்லுவாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தெரிஞ்சவங்க வீட்ல யாருக்காவது பைபாஸ், வால்வு ஆபரேஷன்னு டேட் குடுத்துட்டா எனக்கு போன் வந்துரும். கொஞ்ச காலமா வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது, ஆபரேஷனுக்கு முன்னாடி செனான், ஹீலியம் மாதிரி ஒரு நோபிள் கேஸை மூச்சுல இழுத்தா உறுப்பு எதுவும் கெடாதுன்னு. அதைப் பாத்துட்டு எல்லாரும் ஒரே கேள்வியையே கேக்குறாங்க, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி எனக்குத் தெரிஞ்ச பதிலையும் போட்டிருக்கேன். நான் டாக்டர் கிடையாது, உங்க மருந்து மாத்திரை முடிவெல்லாம் உங்க டாக்டர் கிட்ட தான்.

அண்ணா, நோபிள் கேஸ்னா முதல்ல என்னது? ஆக்சிஜன் மாதிரி அதுவும் ஒண்ணா?

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான், இந்த ஆறும் தான். ஸ்கூல்ல மந்த வாயுன்னு படிச்சிருப்பீங்க. எதோடயும் சுலபத்துல சேராது, எரியாது, கலர் வாசனை ஒண்ணும் கிடையாது. ஆக்சிஜன் இல்லாம உயிர் வாழ முடியாது, இதுங்க இல்லாம தாராளமா வாழலாம். இப்ப நீங்க இழுக்குற மூச்சுலயே 0.93 சதவீதம் ஆர்கான் இருக்குது, உள்ள போயிட்டு சும்மா வெளிய வந்துருது.

ஹீலியத்துக்கு நம்ம பக்கத்து மாநிலத்தோட ஒரு சம்பந்தம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பாக்க குண்டூர், மசூலிப்பட்டினம்னு கேம்ப் போட்ட விஞ்ஞானிங்க சூரிய ஒளியில ஒரு மஞ்சள் கோட்டைப் பாத்தாங்க, அதுல ஆரம்பிச்ச தேடல் தான் ஹீலியத்துல போய் நின்னுச்சு. செனானை 1898ல லண்டன்ல ராம்சேவும் டிராவர்ஸும் கண்டுபிடிச்சாங்க. ஆபரேஷன் பேச்சுல அடிக்கடி வர்றது செனான், ஹீலியம், ஆர்கான் மூணு தான், அதனால மத்ததை விட்டுடுறேன் (ரேடான் பத்தி மட்டும் கீழ ஒரு கேள்வி இருக்குது, அது வேற கதை).

எதோடயும் சேராதுன்னு சொல்றீங்க, அப்புறம் உடம்புல எப்படி வேலை செய்யும்?

நல்ல கேள்வி, கெமிஸ்ட்ரி படிச்ச பசங்க தான் இதைக் கேக்குறாங்க. ரசாயன மாற்றம் நடக்காது, சரி தான். ஆனா நம்ம செல்லுல இருக்குற புரோட்டீன்ல குட்டி குட்டி குழி மாதிரி இடம் இருக்குது, செனான் அணு கொஞ்சம் பெருசு, அந்த இடத்துல போய் உக்காந்துக்கும், கேஸ் வெளிய போனதும் அதுவும் எழுந்து வந்துரும். மூளையில என்எம்டிஏ ரிசெப்டார்னு ஒண்ணு இருக்குது, நரம்பு செல்லைத் தூண்டி விடுறது அதோட வேலை. செனான் அதை அடக்குதுன்னு 1998ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. அதனால செனான் மயக்க மருந்தாவே வேலை செய்யும். 1951ல அமெரிக்காவுல அயோவாவுல கல்லனும் கிராஸும் செனானை மட்டும் குடுத்து நோயாளிக்கு ஆபரேஷனே நடத்திக் காட்டினாங்க. ஐரோப்பாவுல 2007ல மயக்க மருந்தா அனுமதியும் கிடைச்சுது.

ஹீலியமும் ஆர்கானும் சாதாரண காத்தழுத்தத்துல மயக்கம் குடுக்காது. அப்படி இருந்தும் அதுங்களுக்கு உறுப்பைக் காக்குற குணம் இருக்குதுன்னு மிருக ஆராய்ச்சியில தெரிஞ்சது தான் எல்லாரையும் திரும்பிப் பாக்க வெச்சுது.

ஹார்ட்டுக்கு ஆபரேஷன் பண்ணா ஹார்ட் சரியாகணும், அது ஏன் கெட்டுப் போகுது? கிட்னி எதுக்கு பாதிக்குது?

பைபாஸ், வால்வு ஆபரேஷன்ல பெரும்பாலும் இதயத்தை நிறுத்தித் தான் தைப்பாங்க. பெருந்தமனியில கிளாம்ப்ங்கிற ஒரு இடுக்கி போட்டுட்டா இதயத்துக்கு ரத்தம் போகாது, பொட்டாசியம் கலந்த கார்டியோபிளீஜியாங்கிற மருந்தை இதயத்துக்கு அனுப்பினா துடிப்பு நின்னுரும், அந்த நேரம் முழுக்க உடம்புக்கு ரத்தம் ஓட்டுறது என் மெஷின். வேலை முடிஞ்சு கிளாம்ப் எடுத்ததும் ரத்தம் திரும்ப இதயத்துக்குள்ள பாயும். ரத்தம் இல்லாம இருந்தப்ப ஒரு சேதம், ரத்தம் திரும்ப வர்றப்ப இன்னொரு சேதம். இந்த ரெண்டாவது தான் ஜனங்களுக்குப் புரியாது. பசியா இருந்த செல்லுக்கு ஒரே நேரத்துல ஆக்சிஜனும் கால்சியமும் அதிகமா வந்து மோதுறப்ப அது தாங்காது, அதை ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரின்னு சொல்லுவாங்க.

கிட்னி, மூளை விஷயம் வேற. மெஷின்ல ரத்தம் ஓடுறப்ப பிரஷர் ஏறி இறங்கும், ரத்தம் தண்ணி கலந்து நீர்த்துப் போகும், சிவப்பணு கொஞ்சம் உடையும், உடம்பு முழுக்க ஒரு அழற்சி கிளம்பும், தமனிச் சுவத்துல இருக்குற கொழுப்புத் துணுக்கு பேந்து மூளைக்குப் போகலாம். இதுல எதைத் தடுக்க முடியும்னு தான் எல்லா ஆராய்ச்சியும்.

ஒரு கேஸை இழுத்தா இதெல்லாம் தடுக்கும்னு யாருக்கு எப்படித் தோணுச்சு?

நேரடியா யாருக்கும் தோணல, ஒண்ணுல இருந்து ஒண்ணா வந்துச்சு. 1986ல அமெரிக்காவுல மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூணு பேரும் நாய்ங்க மேல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. இதய ரத்தக்குழாயை 5 நிமிஷம் அடைச்சு திறந்து, அடைச்சு திறந்து, இப்படி 4 தடவை பண்ணிட்டு அப்புறம் 40 நிமிஷம் அடைச்சாங்க. முன்னாடி பழக்கின நாய்ங்களுக்கு செத்துப் போன இதயத் தசை மத்ததுல கால்வாசி தான் இருந்துச்சு. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி நாத்தைப் புடுங்கி நடுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணியைக் குறைச்சு வெயில் தாங்கப் பழக்குவாங்க இல்லையா, அதே கணக்கு. இதுக்கு ப்ரீகண்டிஷனிங்னு பேரு.

அப்புறம், மயக்கத்துக்குக் குடுக்குற ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் கேஸ்ங்களும் ரத்தக்குழாயை அடைக்காமயே அதே வேலையைச் செய்யுதுன்னு தெரிய வந்துச்சு. அப்போ செனான்? மயக்கமே தராத ஹீலியம்? 2007ல பேகல்ங்கிற மயக்கவியல் டாக்டரோட குழு முயலுங்களுக்கு 70 சதவீதம் ஹீலியமும் 30 சதவீதம் ஆக்சிஜனும் கலந்து 5 நிமிஷம் வீதம் 3 தடவை குடுத்துப் பாத்தாங்க. நியான், ஆர்கானும் தனித்தனியா குடுத்துப் பாத்தாங்க. மூணுலயுமே சேதம் குறைஞ்சுது. வாட்ஸ்அப் வீடியோவுக்கெல்லாம் மூலம் இந்த மாதிரி ஆராய்ச்சிங்க தான்.

செல்லுக்குள்ள என்ன தான் பண்ணுது? கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

மைட்டோகாண்ட்ரியா தெரியும்ல, செல்லுக்கு சக்தி தயாரிக்குற இடம். ரத்தம் திரும்பப் பாயுற அந்த முதல் சில நிமிஷத்துல மைட்டோகாண்ட்ரியா சுவத்துல ஒரு துளை திறக்கும், அது திறந்து அப்படியே நின்னுட்டா செல் கதை முடிஞ்சுது. கேஸால பழகின செல்லுல உயிரைக் காக்குற சில என்சைம்ங்க முன்கூட்டியே உசுப்பி விடப்படுது, அதுங்க அந்தத் துளையைத் திறக்க விடாம பண்ணுது. செனானுக்கு இன்னொரு வழியும் இருக்குது, ஆக்சிஜன் கம்மியானா உடம்பு தயாராகுறதுக்கு ஒரு சிக்னல் உண்டு, ஹிஃப்னு சுருக்கமா சொல்லுவாங்க, செனான் அதையும் தூண்டுதுன்னு எலிங்க மேல பண்ண ஆராய்ச்சியில பாத்திருக்காங்க.

இதை எப்படிக் குடுப்பாங்க, மாஸ்க் போட்டு இழுக்கச் சொல்லுவாங்களா?

ஹார்ட் ஆபரேஷன் ஆராய்ச்சியில பெரும்பாலும் ஆள் மயக்கத்துல இருக்குறப்ப வெண்டிலேட்டர் டியூப் வழியா தான். ஹீலியம்னா கிளாம்ப் போடுறதுக்கு முன்னாடி சில நிமிஷம் சில நிமிஷமா குடுத்து நிறுத்துவாங்க, இல்லனா கிளாம்ப் எடுக்குற நேரத்துல குடுப்பாங்க. செனான்னா மயக்க மருந்தாவே 50, 60 சதவீதம் வரைக்கும் போகும், மிச்சம் ஆக்சிஜன்.

என் வேலை சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் இதுல இருக்குது. மெஷின் ஓடுறப்ப நுரையீரல் வேலை செய்யுறதில்ல, ரத்தத்துல கேஸ் கலக்குறது ஆக்சிஜனேட்டர்ங்கிற கருவியில நடக்குது, அதுல நாங்க விடுற கேஸ் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் தியேட்டர் காத்துல கலந்துரும். செனானை அப்படி விட்டா காசு கொட்டுற மாதிரி ஆயிரும், மூடின சர்க்யூட் தனியா வேணும். அதோட செனான், ரத்தத்துல இருக்குற காத்துக் குமிழிக்குள்ள புகுந்து அதைப் பெருசாக்கும்னு ஒரு பயமும் இருக்குது. ஹார்ட் ஆபரேஷன்ல காத்துக் குமிழி தான் எங்க முதல் எதிரி.

மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்களா இல்ல முயல் எலியோட நின்னுருச்சா?

குடுத்துப் பாத்திருக்காங்க, யாருக்கு எதுன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு ஒழுங்காவே பாத்திருக்காங்க. ஹீலியத்தை ஆம்ஸ்டர்டாம்ல பைபாஸ் பண்ணிக்கிட்ட 125 பேர்கிட்ட பாத்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு. முன்னாடி குடுத்தவங்க, பின்னாடி குடுத்தவங்க, ரெண்டும் குடுத்தவங்கன்னு பிரிச்சாங்க, இதயத் தசையை எடுத்து அந்த உயிர்காக்குற என்சைம்ங்களையும் அளந்தாங்க. வித்தியாசமே தெரியல. முயல்ல அவ்வளவு அழகா வேலை செஞ்சது மனுஷ இதயத்துல அசையக் கூட இல்ல.

செனான் பத்தி பெரிய ஆராய்ச்சி 2017ல வந்துச்சு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்துல 17 ஆஸ்பத்திரி, 492 பேர், எல்லாரும் ரிஸ்க் கம்மியான பைபாஸ் கேஸ். ஒரு கூட்டத்துக்கு செனான், ஒரு கூட்டத்துக்கு செவோஃப்ளூரேன், ஒரு கூட்டத்துக்கு நரம்பு வழியா ப்ரோபோஃபால்ங்கிற மயக்க மருந்து. மறுநாள் ரத்தத்துல டிரோபோனின் அளந்தாங்க, இதயத் தசை கெட்டா ரத்தத்துல ஏறுற புரோட்டீன் அது. செனான், செவோஃப்ளூரேனை விட மோசம் இல்ல, ப்ரோபோஃபாலை விட கொஞ்சம் கம்மி சேதம். இதை நான் குறைச்சு மதிப்பிடல, நல்ல ஆராய்ச்சி. ஆனா செவோஃப்ளூரேன் நம்ம ஊர் தியேட்டர்லயே சாதாரணமா இருக்குற கேஸ், அதோட சமம்னு தான் வந்திருக்குதே ஒழிய அதைத் தாண்டினதா வரல.

டிரோபோனின் கம்மினா ஹார்ட் சேதம் கம்மின்னு தானே அர்த்தம், அப்புறம் என்ன?

அர்த்தம் சரி. ஆனா நமக்கு வேணுங்கிறது ரத்த ரிப்போர்ட்ல நம்பர் குறையுறது இல்ல, ஆள் ஒரு வருஷம் கழிச்சு நல்லா நடமாடுறது. ரெண்டும் எப்பவும் சேர்ந்து வர்றதில்ல. மைரியட்னு ஒரு ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, 13 நாட்டுல பைபாஸ் பண்ணிக்கிட்ட 5400 பேர், கேஸ் மயக்கமா நரம்பு வழி மயக்கமான்னு ஒப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன ஆராய்ச்சியில எல்லாம் கேஸ் மயக்கம் தான் இதயத்துக்கு நல்லதுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஒரு வருஷத்துல இறந்தவங்க ஒரு பக்கம் 2.8 சதவீதம், இன்னொரு பக்கம் 3.0 சதவீதம், அதாவது வித்தியாசம் இல்ல. செனானுக்கு அந்த அளவுல பெரிய ஆராய்ச்சி இன்னும் நடக்கல. அதனால யாராவது செனான் உயிரைக் காப்பாத்தும்னு உறுதியா சொன்னா அவர் கிட்ட ஆதாரம் கேளுங்க.

முயலுக்கு நடந்தது மனுஷனுக்கு ஏன் நடக்கல?

ஆராய்ச்சிக்கு எடுக்குற முயல் இளவயசு, சுகர் பிரஷர் இல்ல, ரத்தக்குழாய் சுத்தமா இருக்கும், மாத்திரை ஒண்ணும் சாப்பிடாது. நம்ம பைபாஸ் டேபிளுக்கு வர்றவர் அறுபது வயசு, பத்து பதினஞ்சு வருஷ சுகர், பீடி, ஏற்கெனவே ஒரு அட்டாக். சுகர் இருந்தா இந்தப் பழக்குற வேலையே சரியா நடக்குறதில்லன்னு மிருக ஆராய்ச்சியிலயே தெரியும்.

இன்னொண்ணு, மனுஷ ஆபரேஷன்ல ஏற்கெனவே பல பாதுகாப்பு இருக்குது. கார்டியோபிளீஜியா இதயத்தைக் காக்குது, உடம்பைக் குளிர வைக்குறது காக்குது, மயக்க கேஸும் கொஞ்சம் காக்குது. இதுக்கு மேல ஹீலியம் புதுசா சேர்க்குறதுக்கு இடம் ரொம்பக் கம்மி. மேல சொன்ன நாய் ஆராய்ச்சியை வெச்சு, கையில பிரஷர் பட்டையைக் கட்டி இறுக்கி விட்டு இறுக்கி விட்டு இதயத்தைப் பழக்கலாம்னு கூட பாத்தாங்க, செலவே இல்லாத வழி. 2015ல ஜெர்மனியில ஒண்ணு, பிரிட்டன்ல ஒண்ணு, ரெண்டுமே ஆயிரத்துக்கு மேல ஆளுங்களை வெச்சு பண்ணது, ரெண்டுலயும் பலன் இல்ல. அதுல ப்ரோபோஃபால் குடுத்தது தான் பலனை மறைச்சிருக்கும்னு ஒரு சாரார் இன்னும் வாதம் பண்றாங்க.

எங்கப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆளே அடையாளம் தெரியாம உளறினாரு. செனான் குடுத்திருந்தா மூளை தப்பிச்சிருக்குமா?

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த உளறல் ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு அடிக்கடி வர்றது தான், டெலிரியம்னு சொல்லுவாங்க, பலருக்கு சில நாள்ல தெளிஞ்சுரும். உங்க மேலயோ ஆஸ்பத்திரி மேலயோ தப்புன்னு நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. தெளிஞ்ச பிறகும் மறதி, தடுமாற்றம் இருந்தா மட்டும் திரும்பக் காட்டுங்க.

செனான் மூளை செல்லைக் காக்கும்னு ஆய்வுக்கூடத்துல நல்ல ஆதாரம் இருந்ததால இதைக் கண்டிப்பா பாத்தாகணும்னு பெல்ஜியத்துல 65 வயசுக்கு மேல ஹார்ட் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கிட்ட பாத்தாங்க, 2020ல முடிவு வந்துச்சு. டெலிரியம் குறையல. பொறந்தப்ப மூச்சு முட்டின குழந்தைங்களுக்கு பிரிட்டன்ல குடுத்துப் பாத்தாங்க, அதுலயும் பலன் தெரியல.

கொஞ்சம் நம்பிக்கை தர்ற மாதிரி ஒண்ணு ஃபின்லாந்துல இருந்து 2016ல வந்துச்சு. ஆபரேஷன் இல்ல, வீட்லயோ ரோட்லயோ இதயம் நின்னு போய் திரும்ப ஓட வெச்சும் நினைவு வராத 110 பேர். உடம்பை 33 டிகிரிக்குக் குளிர வெச்சு பாதிப் பேருக்கு 24 மணி நேரம் செனானும் குடுத்தாங்க. ஸ்கேன்ல மூளையோட வெள்ளைப் பகுதி சேதம் செனான் குடுத்தவங்களுக்குக் கம்மி. ஆறு மாசத்துல இறந்தவங்க செனான் குடுத்தவங்கள்ல 27.3 சதவீதம், குடுக்காதவங்கள்ல 34.5 சதவீதம், பாக்க நல்லா இருந்தாலும் இவ்வளவு கம்மி ஆளுங்கள்ல இது தற்செயலா கூட இருக்கலாம். என்னைக் கேட்டா செனானுக்கு எதிர்காலம் இருந்தா அது இந்தப் பக்கம் தான் இருக்கும்.

கிட்னிக்கு ஒரு கேஸ் குடுக்குறாங்கன்னு பெங்களூர்ல சொன்னாங்களே, அது இது தானா?

அனேகமா அவங்க சொன்னது நைட்ரிக் ஆக்சைடா இருக்கும். அது நோபிள் கேஸ் கிடையாது, நேர் எதிர், சட்டுனு வினை புரியுற கேஸ். நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகமா இருக்குறவங்களுக்கு, குழந்தைங்களுக்கு நிஜமாவே பயன்படுத்துறாங்க. மெஷின்ல உடைஞ்ச சிவப்பணுவால கிட்னிக்கு வர்ற பாதிப்பைக் குறைக்குமான்னும் பாக்குறாங்க, 2018ல சீனாவுல வால்வு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கிட்ட நல்ல பலன் வந்துச்சு. ரெண்டையும் கேஸ்னே சொன்னாலும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

தர்மபுரி ஜிஹெச்ல இல்ல கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ்ல கிடைக்குமா? சேலம், பெங்களூர், வேலூர் போகணுமா?

பைபாஸுக்கு நம்ம ஜனங்க பெரும்பாலும் சேலம், பெங்களூர், வேலூர், கோவை, சென்னைன்னு தான் போறாங்க, ஓசூர்காரங்களுக்கு பெங்களூர் பக்கத்துலயே. எங்க போனாலும் உறுப்பைக் காக்க நோபிள் கேஸ் குடுக்குறது வழக்கமான சிகிச்சையில கிடையாது. நம்ம ஊர்ல இல்லையேன்னு வருத்தப்பட வேண்டாம், வெளிநாட்டுலயும் இது ஆராய்ச்சி அளவுல தான்.

முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டம் கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வரும், பைபாஸ், வால்வு எல்லாம் அதுல அடங்கும். கர்நாடகா பக்கம் போறதா இருந்தா அந்த ஆஸ்பத்திரி நம்ம திட்டத்துல இருக்குதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுருங்க, அங்க போய் நின்னு அலையாதீங்க.

காசு எவ்வளவு ஆனாலும் பரவால்ல, நிலத்தை வித்தாவது கட்டுறோம், வெளிய வாங்கிக் குடுக்க முடியுமா?

வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். மேல மனுஷ ஆராய்ச்சி பத்தி எழுதினதை இன்னொரு தடவை படிங்க, நிலத்தை வித்து வாங்குற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. யாராவது நோபிள் கேஸ் தெரபின்னு பேக்கேஜ் போட்டுக் காசு கேட்டா, உங்க சர்ஜன் கிட்டயும் மயக்க டாக்டர் கிட்டயும் அதை நேராக் கேளுங்க.

செனான் ஏன் இவ்வளவு விலைன்னா, காத்துல நூறு கோடி பங்குல வெறும் 87 பங்கு தான் இருக்குது. காத்தைக் குளிர வெச்சு திரவமாக்கி ஆக்சிஜன் பிரிக்குற பெரிய பிளான்ட்ல ஓரமா கிடைக்குற பொருள். அதுக்கும் சாட்டிலைட் எஞ்சின், சிப் தயாரிக்குறவங்கன்னு போட்டி.

பலூன் கடையில ஹீலியம் இருக்குது, ஓசூர் சிப்காட்ல வெல்டிங்குக்கு ஆர்கான் சிலிண்டர் இருக்குது, அதையே கொஞ்சம் இழுத்துப் பாத்தா என்ன?

செத்துருவீங்க. பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆராய்ச்சியில குடுக்குறது ஆக்சிஜன் கலந்தது, சிலிண்டர்ல இருக்குறது தனி கேஸ். அதை இழுத்தா நுரையீரல்ல இருக்குற ஆக்சிஜனும் வெளிய போயிரும், மூச்சு முட்டுற உணர்வு கூட வராது, ஏன்னா அந்த உணர்வைக் குடுக்குறது கார்பன் டை ஆக்சைடு, அது தான் வெளிய போயிக்கிட்டே இருக்குதே. சில மூச்சுல நினைவு தப்பிரும். சிலிண்டர்ல நேரா வாய் வெச்சா அழுத்தத்துல நுரையீரலே கிழியும். டிக் வெல்டிங் பண்ற தம்பிங்க ஒண்ணு கவனிங்க, ஆர்கான் காத்தை விட கனம், டேங்க், பள்ளம் மாதிரி இடத்துல தேங்கி நிக்கும், உள்ள இறங்குறதுக்கு முன்னாடி காத்தோட்டம் பாத்துக்குங்க.

செனான் இழுத்துட்டு எவரெஸ்ட் ஏறினாங்களாமே, அப்போ பவர்ஃபுல் தானே?

2025 மே மாசம் பிரிட்டன் ஆளுங்க நாலு பேர் செனான் இழுத்துட்டு ஏறினது உண்மை. ஆனா அவங்க வீட்லயே ஆக்சிஜன் கம்மியான கூடாரத்துல வாரக்கணக்கா தூங்கிப் பழகினாங்க, மலையில ஆக்சிஜன் சிலிண்டரும் வெச்சிருந்தாங்க, இதுல செனானோட பங்கு எவ்வளவுன்னு அந்த ஒரு பயணத்தை வெச்சுப் பிரிச்சு சொல்ல முடியாது. மலையேற்ற சங்கங்களோட உலக அமைப்பு அதே வருஷம் ஜனவரியிலயே மலையில இதுக்குப் பலன் இருக்குறதா ஆதாரம் இல்லன்னு சொல்லிருச்சு. விளையாட்டுல செனான் 2014ல இருந்தே தடை. தடை பண்ணிட்டாங்கன்னாலே வேலை செய்யும்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, மேல சொன்ன ஹிஃப் சிக்னலைத் தூண்டலாம்ங்கிற சந்தேகமே தடைக்குப் போதும்.

ரேடானும் நோபிள் கேஸ் தானே, எங்க ஊர்ல கிரானைட் குவாரி நிறைய இருக்குது, அதுல வர்ற கேஸ் நல்லதா?

நல்லது இல்ல. ரேடான் கதிரியக்கம் உள்ளது, பாறையில இருக்குற யுரேனியம் சிதையுறப்ப உண்டாகுது, நுரையீரல் புத்துநோய்க்கு சிகரெட்டுக்கு அடுத்த பெரிய காரணங்கள்ல ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுக்காக வீட்ல கிரானைட் தரை போட்டவங்க பயப்பட வேண்டாம், ஜன்னல் திறந்து காத்தோட்டமா இருந்தா தேங்காது. குவாரியில, பாலிஷ் பட்டறையில வேலை செய்யுறவங்களுக்கு ரேடானை விட கல் தூசி தான் பெரிய ஆபத்து, சிலிகோசிஸ்ங்கிற நுரையீரல் வியாதி வரும், மாஸ்க் போடுங்க, தண்ணி அடிச்சு அறுக்கச் சொல்லுங்க.

செனானுக்கு சைடு எஃபெக்ட் உண்டா?

மயக்க மருந்துங்கள்ல பாதுகாப்பானதுன்னு தான் பேரு. பிரஷர் பெருசா விழாது, ரத்தத்துல கொஞ்சமா தான் கரையும்ங்கிறதால நிறுத்தினதும் சீக்கிரம் முழிப்பு வரும். முழிச்சதும் குமட்டல் வாந்தி மத்ததை விட அதிகம். காத்துக் குமிழி விஷயம் மேலயே சொல்லிட்டேன். இன்னொண்ணு, 60 சதவீதம் செனான் குடுத்தா 40 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் குடுக்க இடம் இல்ல, நுரையீரல் மோசமா இருக்குறவங்களுக்கு அது பத்தாம போகலாம்.

ஆஸ்பத்திரியிலயே ஒரு ட்ரையல் இருக்குது, சேர்றீங்களான்னு கேட்டா என்ன பண்றது?

பயந்து ஓடவும் வேண்டாம், உடனே கையெழுத்தும் வேண்டாம். ஒழுங்கான ட்ரையல்னா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கும், சிடிஆர்ஐங்கிற இந்திய அரசுப் பதிவுல நம்பர் இருக்கும், தமிழ்ல எழுதின விளக்கத் தாள் குடுப்பாங்க, கேஸுக்கு உங்க கிட்ட காசு வாங்க மாட்டாங்க, பாதிப்பு வந்தா யார் பொறுப்புன்னு அதுலயே இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்கக் கேளுங்க. உங்களுக்கு கேஸ் வருமா சாதாரண சிகிச்சை வருமான்னு நீங்களும் டாக்டரும் தீர்மானிக்க முடியாது, குலுக்கல் மாதிரி தான் விழும். வேண்டாம்னு சொன்னா உங்க ஆபரேஷன் பாதிக்கப்படக் கூடாது, நடுவுல விலகவும் உரிமை இருக்குது.

அப்போ உறுப்பு கெடாம இருக்க நாங்க என்ன தான் பண்றது?

இதைக் கேக்குறவங்க கம்மி, ஆனா நான் அதிகம் பேச விரும்புறது இதைத் தான். பீடி, சிகரெட், ஹான்ஸ் எல்லாத்தையும் டேட் குடுத்த அன்னைக்கே விடுங்க, நாலு வாரமாவது கிடைச்சா நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியும். சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க. ரத்தம் கம்மியா இருந்தா, முக்கியமா பொம்பளைங்களுக்கு, முன்னாடியே சரி பண்ணச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா மெஷின்ல ரத்தம் இன்னும் நீர்த்துப் போகும், ஹீமோகுளோபின் குறைவா வர்றவங்களுக்கு நான் எவ்வளவு வேகமா ஓட்டினாலும் கிட்னிக்கு ஆக்சிஜன் போதுறதில்ல. ஒரு சதுர மீட்டர் உடம்புப் பரப்புக்கு நிமிஷத்துக்கு 280 மில்லிக்குக் கீழ ஆக்சிஜன் போகாம பாத்துக்கிட்டா கிட்னி பாதிப்பு குறையுதுன்னு ஆராய்ச்சி இருக்குது, நாங்க மெஷின்ல கண்ணை வெச்சுக்கிட்டு இருக்குறதுல அதுவும் ஒண்ணு. திரும்ப சூடு ஏத்துறப்ப மூளைக்குப் போற ரத்தம் 37 டிகிரியைத் தாண்டாம பாக்குறதும் அப்படித் தான்.

நம்ம பக்கத்துக்குன்னு ஒண்ணு இருக்குது. தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் மூட்டு வலி, முதுகு வலின்னு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி வருஷக்கணக்கா போடுறவங்க நிறைய. அந்த மாத்திரை கிட்னியை மெதுவா அரிக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடியே கிட்னி பாதி போயிருக்கும், அதை டாக்டர் கேட்டா ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லுவாங்க, ஏன்னா அதை மருந்தாவே கணக்குல எடுக்குறதில்ல. வலி மாத்திரை, நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம், எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு போய்க் காட்டுங்க. சில சுகர் மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை எல்லாம் சில நாள் முன்னாடி நிறுத்தணும், சிலது நிறுத்தவே கூடாது, அதை டாக்டர் எழுதிக் குடுக்குறபடி பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு, இன்னும் ஆராய்ச்சி நடக்குதுன்னா அது முடியுற வரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?

கூடாது. இப்படிக் கேட்டு தள்ளிப் போட்டவங்களைப் பாத்திருக்கேன், அதனால தான் இந்தப் பக்கத்தையே எழுத உக்காந்தேன். பெரிய ஆராய்ச்சி ஒண்ணு தொடங்கி முடிய வருஷங்கள் ஆகும், முடிஞ்சாலும் பலன் இல்லன்னு வரலாம். இடது பக்க மெயின் ரத்தக்குழாயில அடைப்பு, மூணு குழாய்லயும் அடைப்பு இருந்து பம்பிங் குறைஞ்சது, வால்வு ரொம்ப சுருங்கி நடந்தாலே மயக்கம் வர்றது, இதெல்லாம் காத்திருக்குற வியாதி இல்ல. தள்ளிப் போடணும்னு தோணுனா சர்ஜன் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இதை எத்தனை நாள்ல பண்ணணும், அதுக்குள்ள பண்ணலனா என்ன ஆகும்?" அவர் சொல்ற தேதியை வீட்டுல எல்லாருக்கும் சொல்லிருங்க. காத்திருக்குற நாள்ல நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது அதிகமாச்சுனா ராத்திரியா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, 108க்குப் பண்ணுங்க.